பொத்துவிலுக்கு எந்தக் கவச உடை? பறவைக் காய்ச்சல் பணியில் துணியின் தடிப்பும் உடலின் தாக்குப்பிடிப்பும்

2024 ஜூலையில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து முட்டைக்கோழிப் பண்ணைகளில் எச்5என்1 வைரஸ் பரவியது. கோழிகளைக் கொன்று அகற்றும் வேலையில் இறங்கிய தொழிலாளருக்கு வெள்ளை முழுவுடற் கவசமும் கண்கவசமும் என்95 முகக்கவசமும் கிடைத்திருந்தன. இருந்தும் ஒன்பது பேருக்குத் தொற்று உறுதியானது. விசாரணையில் இறங்கிய பொதுச் சுகாதார அதிகாரிகள் சொன்ன காரணம் துணியைப் பற்றியதல்ல. கொட்டகைக்குள் வெப்பநிலை 40 பாகை செல்சியஸை எட்டியிருந்தது. வெப்பத்தைத் தணிக்க ஓடிய பெரிய விசிறிகள் இறகையும் தூசையும் வாரியடித்தன. வியர்வையில் முகக்கவசமும் கண்கவசமும் முகத்தில் பிடித்து நிற்கவில்லை. ஒருமுறை பாவித்து எறியும் கவச உடையைத் தெரிவு செய்வது பற்றிய எந்த விவாதமும் இந்த நிகழ்விலிருந்து தொடங்குவது நல்லது. கொள்வனவுக் குழுக்கள் வழக்கமாகக் கேட்பது எந்தத் துணி அதிகம் தடுக்கும் என்பதையே. நமது கிழக்குக் கரை போன்ற காலநிலையில் அதற்கு முன்னதாகக் கேட்க வேண்டியது ஒன்றுண்டு: இந்த உடைக்குள் ஒரு மனிதர் சிப்பைத் திறக்காமல், முகத்தைத் தொடாமல் எவ்வளவு நேரம் வேலை செய்ய முடியும்? இந்த இரண்டாவது கேள்வியை முதலில் வைத்தால் தெரிவு தலைகீழாக மாறிவிடும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள பொத்துவிலை எடுத்துக்கொள்வதற்குக் காரணமுண்டு. 2006இல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரிலும் 2007இல் பங்களாதேஷிலும் கண்ட அளவிலான கோழிப் பரவல் இலங்கையில் ஏற்பட்டதில்லை. ஆனால் ஊரின் நில அமைப்பு அந்த ஆபத்திலிருந்து விலகி நிற்கவில்லை. வடக்கே பொத்துவில் களப்பு, தெற்கே அறுகம்பே, அதற்கப்பால் பாணமை, பிறகு 2010இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட குமண என்று நீர்ப்பறவைகள் இறங்கும் நிலங்கள் சங்கிலியாக நீள்கின்றன. மத்திய ஆசியப் பறவைப் பாதையின் தென்கோடி இது. வலசை வரும் தாராக்களும் உள்ளான்களும் ஒக்டோபர் முதல் மார்ச் வரை இங்கே தங்குகின்றன. அவை இறங்கும் அதே வயலிலும் வாய்க்கால் கரையிலும் வளவுக் கோழிகள் மேய்கின்றன. இதற்கு மிக நெருங்கிய ஒப்பு வடநாட்டில் இல்லை, கேரளத்தின் குட்டநாட்டில் இருக்கிறது. அங்கும் களப்பு, வயல், தாராக்கூட்டம், வலசைப் பறவை எல்லாம் ஒரே நீரில் கலக்கின்றன. ஆலப்புழா மாவட்டத்தில் 2014 நவம்பரில் எச்5என்1, 2016இல் எச்5என்8, 2021 தொடக்கத்தில் மறுபடி எச்5என்8, 2024 ஏப்ரலில் எடத்துவாவிலும் செருதனாவிலும் எச்5என்1 என்று நோய் திரும்பத் திரும்ப வந்ததை வெறும் தற்செயல் என்று ஒதுக்க முடியாது. குட்டநாட்டில் உள்ளது போன்ற பெரும் தாரா மந்தைகள் நம்மிடம் இல்லை என்பது உண்மை. அதற்கு ஈடாக, ஒவ்வொரு வீட்டு வளவிலும் சில ஊர்க்கோழிகளும், கோழியை உயிருடன் நிறுத்து அங்கேயே அறுத்துக் கொடுக்கும் கடைகளும் உள்ளன. ஆகவே நோய் வந்தால் அதை எதிர்கொள்பவர் பெரும் பண்ணையின் பயிற்சி பெற்ற தொழிலாளியாக இருக்கமாட்டார். பிரதேசக் கால்நடை வைத்திய அலுவலகத்தின் இரண்டு மூன்று ஊழியர்கள், பொதுச் சுகாதாரப் பரிசோதகர், அழைத்து வரப்பட்ட கூலியாட்கள், இறந்த கோழியைக் கையில் தூக்கிப் பார்க்கும் வீட்டுப் பெண் ஆகியோரே முன்னிற்பார்கள்.

உடையைத் தெரிவு செய்யுமுன் வைரஸ் எந்த வழியாக உடலுக்குள் போகிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். காயமில்லாத தோல் வழியாக இன்ஃபுளுவென்சா தொற்றுவதில்லை. அது நுழையும் வாசல்கள் கண், மூக்கு, வாய். பறவை வைரஸ்கள் பற்றிக்கொள்ளும் வகை ஏற்பிகள் மனிதரின் கண் வெண்படலத்திலும் நுரையீரலின் ஆழ்பகுதியிலும் உள்ளன. 2003இல் நெதர்லாந்தில் எச்7என்7 பரவி, ஏறத்தாழ மூன்று கோடிப் பறவைகள் அழிக்கப்பட்டபோது, தொற்று உறுதியான 89 பேரில் 78 பேருக்கு இருந்தது கண் அழற்சி மட்டுமே. இறந்த ஒருவர் கால்நடை வைத்தியர். அவரைக் கொன்றது நுரையீரல் பாதிப்பு. 2024இல் அமெரிக்காவில் பதிவான எச்5என்1 நோயாளிகளிலும் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கண் சிவந்திருந்தது. ஆசியாவில் 1997 ஹொங்கொங் தொடங்கிப் பதிவான எச்5என்1 நோயாளிகளிடம் நிமோனியாவே முன்னின்றது என்பதையும் மறைக்கக் கூடாது. ஹொங்கொங்கில் அந்த ஆண்டு 18 பேர் நோயுற்று 6 பேர் இறந்தார்கள். கண்ணோ நுரையீரலோ, இரண்டு வழியும் முகத்திலேயே இருக்கின்றன. மார்பையும் முதுகையும் மூடும் உடையின் வேலை இரண்டாம் நிலையானது: எச்சமும் இறகுத் தூசும் சட்டையில் படிந்து, அங்கிருந்து கைக்கும், கையிலிருந்து முகத்துக்கும், மோட்டார் சைக்கிளில் அடுத்த வளவுக்கும் போகாமல் தடுப்பது. இந்த வரிசையை மறந்துவிட்டு உடைக்கு முழுப் பணத்தையும் செலவழித்து, கண்கவசத்தை ஆளுக்கு ஒன்று என்றுகூட வாங்காத கொள்வனவு, நோயின் வழியை அறியாத கொள்வனவு.

இனித் துணிக்கு வருவோம். சந்தையில் கிடைக்கும் ஒருமுறைப் பாவனை முழுவுடைகள் பெரும்பாலும் நான்கு வகையில் அடங்கும். முதலாவது, மூன்று அடுக்குப் பொலிபுரொப்பிலீன் நெய்யாத் துணி. அது காற்றை ஓரளவு கடத்தும், மலிவானது. இரண்டாவது, டைவெக் என்ற வணிகப் பெயரால் அறியப்படும் பொலியெத்திலீன் இழைத் தாள். மூன்றாவது, நுண்துளைப் படலம் ஒட்டிய துணி. காற்றை மறித்து நீராவியை மட்டும் விடுவது. நான்காவது, பிளாஸ்ரிக் பூசி மூட்டுகளில் பட்டி ஒட்டிய கனமான உடை; எதையும் விடாதது. ஐரோப்பியத் தரங்களில் 5ஆம் வகை தூசுக்கும், 6ஆம் வகை சிறு தெறிப்புக்கும், 3ஆம், 4ஆம் வகைகள் திரவப் பீச்சுக்கும் தெளிப்புக்கும் உரியவை. தொற்றுக் கிருமிகளுக்கென்று ஈ.என். 14126 என்ற தனித் தரம் உண்டு. அதன் சோதனைகளில் ஒன்று ஃபை-எக்ஸ்174 என்ற, ஏறத்தாழ 27 நானோமீற்றர் அளவான பாக்டீரியா வைரஸை அழுத்தத்தோடு துணியினூடே தள்ளிப் பார்க்கிறது. இன்ஃபுளுவென்சா வைரஸ் அதைவிட மூன்று நான்கு மடங்கு பெரியது. அதுவும் தனித் துகளாக மிதப்பதைவிட எச்சத்திலும் சளியிலும் தூசிலும் ஒட்டியே வருகிறது. எனவே அந்தச் சோதனையில் தேறிய துணி நமது தேவைக்கு மேலதிகமாகவே உறுதியானது. ஆனால் விளம்பரத் தாள்கள் அழுத்திச் சொல்லாத விடயம் ஒன்று உண்டு. துணியைச் சோதிப்பது வேறு, ஆள் உடுத்திய முழு உடையைச் சோதிப்பது வேறு. 5ஆம் வகை உடைக்கு ஆளை உடுத்தி நடக்கவும் குந்தவும் விட்டுச் செய்யும் சோதனையில், பத்து உடைகளில் எட்டின் சராசரி உள்நுழைவு 15 வீதத்தைத் தாண்டாவிட்டால் உடை தேர்ச்சி பெறும். வெளியே நூறு துகள் இருந்தால் பதினைந்துவரை உள்ளே போகலாம் என்பதை அந்தத் தரமே ஏற்கிறது. அவை போவது துணியினூடாக அல்ல. கழுத்து, மணிக்கட்டு, சிப், தையல் துளை ஆகியவற்றினூடாக. துணியின் தடிப்பைக் கூட்டுவதால் இந்த வாசல்கள் சிறுக்கா. அளவு பொருந்தாத தடித்த உடையில், ஒவ்வொரு முறை குந்தி எழும்போதும் உள்ளிருக்கும் காற்று துருத்தி போல வெளியே தள்ளப்பட்டு, வெளிக்காற்று கழுத்து வழியாக உள்ளே இழுக்கப்படுகிறது.

வெப்பம்தான் இந்த வாதத்தின் மையம். ஈரப்பதம், வெயில், காற்று எல்லாவற்றையும் சேர்த்து அளக்கும் ஈரக்குமிழ் கோளச் சுட்டெண்ணைத் தொழிற் சுகாதார நிபுணர்கள் பயன்படுத்துகிறார்கள். அமெரிக்க அரசுத் தொழிற் சுகாதார நிபுணர்கள் மாநாடு என்ற அமைப்பு, உடுத்தும் உடைக்கேற்ப அந்தச் சுட்டெண்ணோடு கூட்ட வேண்டிய பாகைகளைப் பட்டியலிட்டிருக்கிறது. பொலிபுரொப்பிலீன் முழுவுடைக்கு 0.5, பொலியெத்திலீன் இழை உடைக்கு 1, நீராவியை விடாத உடைக்கு 11. தலையுறை அணிந்தால் மேலும் 1. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இந்தக் கரையில் மாரிக்காலத்தின் ஒரு மப்பான பகலில் சுட்டெண் 27 என்று வைத்துக்கொள்வோம். வெப்பத்துக்குப் பழகிய ஒருவர் நடுத்தர உழைப்பில் தொடர்ந்து ஈடுபட அந்த அமைப்பு வைத்த எல்லை 28. பொலிபுரொப்பிலீன் உடைக்குள் அவரது நிலை 27.5, வேலை செய்யலாம். பொலியெத்திலீன் உடைக்குள் சரியாக 28; எல்லைக் கோட்டில் நிற்கிறார். நீராவி விடாத உடைக்குள் 38. மணித்தியாலத்தில் கால்வாசி நேரம் மட்டும் உழைத்து மீதி நேரம் ஓய்வெடுப்பவருக்கே எல்லை 31.5தான் என்னும்போது, 38 என்பது வேலையே கூடாது என்ற தீர்ப்பு. கச்சான் காற்று அடிக்கும் ஆடி மாதத்தில் இந்தக் கணக்கு இன்னும் மோசமாகும். கணக்கைச் சமன் செய்வது யார்? களத்தில் நிற்பவரே. அவர் சிப்பை நெஞ்சுவரை இறக்குவார், தலையுறையைத் தள்ளிவிடுவார், புகையேறிய கண்கவசத்தை நெற்றிக்கு ஏற்றுவார், எச்சம் பட்ட கையுறையால் கண்ணில் வழியும் வியர்வையைத் துடைப்பார். தாளில் மிக உயர்ந்த தடுப்புக் கொண்ட உடை, களத்தில் அரை மணித்தியாலத்துக்குள் மிகக் குறைந்த தடுப்பாகிவிடும்.

உடையைக் கழற்றும் நேரம் இன்னொரு சான்று. 2015இல் அமெரிக்க மருத்துவமனைகள் நான்கில், ஒளிரும் களிம்பு பூசிய கையுறையையும் மேலங்கியையும் கழற்றவைத்து 435 முறை சோதித்தார்கள். 46 வீதமான முறைகளில் களிம்பு தோலிலோ உள்ளுடையிலோ பட்டது. கையுறை கழற்றும்போதுதான் அதிகம். பயிற்சிக்குப் பிறகு அந்த வீதம் பெரிதும் இறங்கியது. பெரும் தொற்றுகளின்போது அணியும் கவசங்கள் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி 2020இல் வெளியான கொக்ரேன் மீளாய்வு இரண்டு முடிவுகளைத் தருகிறது. உடலின் அதிக பகுதியை மூடும் உடை அதிகம் காக்கிறது, ஆனால் அதை அணிவதும் கழற்றுவதும் கடினம், வசதியும் குறைவு. காற்றோட்டமுள்ள துணி வகைகளால் மாசு குறிப்பிடத்தக்க அளவு கூடுவதாகத் தெரியவில்லை, பாவிப்பவரின் திருப்தியோ கூடுகிறது. சான்றுகளின் உறுதி குறைவு என்று மீளாய்வாளர்களே எச்சரித்திருக்கிறார்கள். அந்த எச்சரிக்கையை நானும் ஏற்கிறேன். ஆனால் தடித்த உடையே பாதுகாப்பானது என்று வாதிடுபவருக்கு அந்த அளவு உறுதியான சான்றுகூடக் கையில் இல்லை.

இதற்கு எழும் முதல் மறுப்பு வலுவானது. 2003 முதல் உலக சுகாதார நிறுவனத்துக்கு அறிவிக்கப்பட்ட எச்5என்1 நோயாளிகள் 900 பேரைத் தாண்டிவிட்டார்கள், அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் இறந்தார்கள். இத்தகைய நோய்க்கு முன் வசதியைப் பேசுவது பொறுப்பின்மை அல்லவா? மரண வீதம் உயர்வு என்பதை நான் குறைத்துப் பேசவில்லை, இலேசான நோயாளிகள் கணக்கில் தப்பியிருக்கலாம் என்றாலும்கூட. ஆனால் இந்த மறுப்பு வசதியையும் தாங்குதிறனையும் ஒன்றாக்கிவிடுகிறது. மயங்கி விழுபவரைத் தூக்குவதற்காக முகக்கவசம் கழற்றப்படும் இடத்தில் மரண வீதத்தின் கனம் இன்னும் கூடுகிறது. கோழி அழிப்போருக்கு உலக சுகாதார நிறுவனம் 2004இல் கொடுத்த வழிகாட்டலும் முழுவுடல் பிளாஸ்ரிக் கூட்டைக் கேட்கவில்லை. முழுவுடை அல்லது நீண்ட கைகொண்ட சத்திரசிகிச்சை மேலங்கி, அதன் மேல் நீர் புகாத ஏப்ரன், கிருமிநீக்கம் செய்யக்கூடிய தடித்த இறப்பர் கையுறை, என்95 முகக்கவசம், கண்கவசம், இறப்பர் சப்பாத்து என்பதே அதன் பட்டியல். நீர் புகாத பொருளை உடல் முழுக்கச் சுற்றாமல், தெறிப்பு விழும் முன்பக்கத்தில் மட்டும் வைத்து, முதுகை மூச்சுவிட விட்ட தீர்வு இது. வெப்ப நாடுகளை மனதில் வைத்தே எழுதினார்கள் என்று எண்ணத் தோன்றுகிறது.

இரண்டாவது மறுப்பு இந்த மண்ணிலிருந்தே வருகிறது. எனக்கு அதுவே அதிகம் கவலை தருவது. வலசைப் பறவைகள் இங்கே தங்கும் மாதங்களும் வடகீழ்ப் பருவமழை மாதங்களும் ஒன்றே. நோய் வருமானால் சேறும் மழையும் நிறைந்த மார்கழியில் வருவதற்கே வாய்ப்பு அதிகம். பொலிபுரொப்பிலீன் துணி தொடர்மழையில் நனைந்தால் அதன் தடுப்பு குறைந்துவிடும். முழங்கால் சேற்றில் ஊன்றினால் அழுத்தத்தில் நீர் உள்ளே கசியும். ஆகவே மழையில் இலேசான உடை போதும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனாலும் விடை தடித்த உடைக்குப் போவதல்ல. மழையில் வேலை செய்யும் பொத்துவில் விவசாயிக்குத் தெரிந்த வழிதான்: மேலே கழற்றிக் கழுவக்கூடிய மழைக்கோட்டு, கீழே கம்பூட்ஸ். குளோரின் நீரில் கழுவி மறுநாள் அணியக்கூடிய ஏப்ரனும் சப்பாத்தும் ஈரத்தைப் பார்த்துக்கொள்ளட்டும். உள்ளே இருக்கும் ஒருமுறைப் பாவனை உடை தூசையும் தெறிப்பையும் பார்த்துக்கொள்ளட்டும். இன்ஃபுளுவென்சா கொழுப்புறை கொண்ட வைரஸ் என்பதால் சவர்க்காரத்துக்கே அது தோற்றுப்போகும். அதே வேளை, ஈரமான குளிர்ந்த எச்சத்தில் அது நீண்டு வாழும்: எச்5என்1 கோழி எச்சத்தில் 4 பாகையில் 35 நாளும் 37 பாகையில் 6 நாளும் தங்கியிருந்ததாக அறிந்திருக்கிறோம். நமது வெப்பம் இங்கே கொஞ்சம் நமக்குத் துணை. தவிர, கோழிகளை விடியுமுன் இருட்டில் பிடித்தால் அவை சிறகடிப்பதும் குறைவு, வெக்கையும் குறைவு; உடைத் தெரிவு என்பது வேலை நேரத் தெரிவும்தான்.

முகக்கவசத்துக்கு வரும்போது கல்முனை முதல் பொத்துவில்வரையான ஊர்களுக்கே உரிய ஒரு கேள்வி எழுகிறது. வெளியிலிருந்து வரும் வழிகாட்டிகள் அதை ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. தாடி இருந்தால் என்95 முகத்தோடு ஒட்டாது, எனவே மழித்துவிடுங்கள் என்பதே அந்த வரி. சுன்னத்தாகத் தாடி வளர்க்கும் ஒரு கூலியாளிடம் இதைச் சொன்னால், அவர் வேலையை விடுவார் அல்லது தாடியோடு முகக்கவசத்தைப் பெயருக்கு மாட்டிக்கொள்வார். பிந்தியதுதான் ஆபத்து, ஏனெனில் அது பாதுகாப்பு இருப்பதாகப் பாவனை காட்டுகிறது. கொவிட் காலத்தில் பிரித்தானியாவின் சீக்கிய மருத்துவர்கள் தாடியை மெல்லிய மீள்பட்டியால் இறுகக் கட்டி அதன் மேல் முகக்கவசம் அணியும் முறையைச் சோதித்து வெளியிட்டார்கள். சோதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பொருத்தச் சோதனையில் தேறினார்கள். சிறு ஆய்வுதான், ஆனால் இங்கேயும் செய்து பார்க்கக்கூடியது, செலவில்லாதது. பெண் ஊழியர்களின் ஹிஜாபுக்கும் இதே கவனம் தேவை. முகக்கவசப் பட்டி தலைத்துணியின் மேல் வழுக்கினால் ஒட்டு விட்டுப்போகும். பட்டி உள்ளே, துணி வெளியே, அதன் மேல் உடையின் தலையுறை என்று அணியும் வரிசையை முன்கூட்டியே பழக்க வேண்டும். ஒரே பெரிய அளவில் வந்திறங்கும் உடைப் பெட்டி இதற்கு உதவாது.

வெள்ளை உடை பார்ப்பவர் மனதில் என்ன செய்கிறது என்பதையும் தொழில்நுட்பக் கட்டுரைகள் தொடுவதில்லை. 2020இலும் 2021 தொடக்கத்திலும் கொவிட்டால் இறந்த முஸ்லிம்களின் ஜனாஸாக்கள் குடும்பத்தாரின் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்டன. அடக்க அனுமதி வந்தபோதும் உடல்கள் ஓட்டமாவடிக்குக் கொண்டுசெல்லப்பட்டன. இந்தக் கரையில் வெள்ளைக் கவச உடையோடு அந்த நினைவு ஒட்டியிருக்கிறது. 2008இல் மேற்கு வங்காளத்தில் கோழி அழிப்புக் குழுக்கள் வருமுன் மக்கள் பறவைகளை ஒளித்ததையும் கடத்தியதையும் சேர்த்துப் பார்த்தால், தேவையற்ற இடத்தில் முழுக் கவசத்தோடு வளவுக்குள் நுழைவது நோயறிவித்தலையே கெடுக்கும் என்று அஞ்ச வேண்டியிருக்கிறது. இறந்த ஒரு கோழியிலிருந்து மாதிரி எடுக்க வருபவருக்கு மேலங்கி, ஏப்ரன், கையுறை, என்95, கண்கவசம் போதும். முழுவுடை கொட்டகைக்குள் இறங்கிக் கொத்தாகப் பிடிப்பவருக்கும் கொன்று புதைப்பவருக்கும் உரியது. 1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டம் அதிகாரிக்கு வேண்டிய அதிகாரத்தைத் தருகிறது. வளவின் படலையைத் திறந்துவிடும் நம்பிக்கையைச் சட்டம் தராது. அந்த வேலைக்குப் பள்ளிவாசல் நிர்வாகமும் ஜும்ஆவும் தான் வழி, உடையை எடுத்துக் காட்டி விளக்குவது உட்பட.

கழற்றியெறிந்த உடை எங்கே போகிறது? அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் பிளாஸ்ரிக்கைத் தின்று எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் இறந்ததாக 2022 ஜனவரியில் உலகச் செய்தியானது. தொற்றுப் பட்ட பொலியெத்திலீன் மூட்டைகளை அத்தகைய மேட்டுக்கு அனுப்புவதை யாரும் நியாயப்படுத்த மாட்டார்கள். களப்போரத்து மணலில் நிலத்தடி நீர் கைக்கெட்டும் ஆழத்தில் கிடப்பதால் கண்ட இடத்தில் புதைக்கவும் முடியாது. வைத்தியசாலை எரியூட்டிகளுக்குக் கனமான உடைகள் கூடுதல் சுமை. எறியப்படும் பொருளின் எடையைக் குறைத்து, கழுவிப் பாவிக்கும் பொருளின் பங்கைக் கூட்டுவது இங்கே சூழல் அக்கறையாக மட்டுமல்ல, நோய்த் தடுப்பாகவும் அமைகிறது. உடையே வேண்டாம், பருத்திச் சட்டையும் சவர்க்காரமும் போதும் என்று இதை நீட்டுவோரும் உண்டு. தன் வளவில் இறந்த ஒரு கோழியை எடுப்பவருக்கும் கோழிக்கடைக்காரருக்கும் அது ஓரளவு பொருந்தும், கண்ணையும் மூக்கையும் மூடி, சட்டையை அங்கேயே கழற்றி ஊறவைத்தால். நூற்றுக்கணக்கில் பறவை கொல்லும் இடத்தில் பொருந்தாது. பருத்தி எச்சத்தை உறிஞ்சித் தோலில் ஒட்டவைக்கும்.

அப்படியானால் பொத்துவில் கால்நடை வைத்திய அலுவலகத்துக்கும் கல்முனை பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனைக்கும் உரிய கொள்வனவுத் தாளில் எழுத வேண்டியது சுருக்கமானது. 5ஆம், 6ஆம் வகைத் தேர்ச்சி பெற்ற, காற்றோ நீராவியோ கடத்தும் முழுவுடை, மூன்று அளவுகளில். ஒவ்வோர் உடைக்கும் இரண்டு கண்கவசம், ஒன்று புகையேறினால் மாற்றிக்கொள்ள. உடையின் எண்ணிக்கையைவிட அதிகமான என்95, ஏனெனில் வியர்வையில் நனைந்ததை இடையில் மாற்றியாக வேண்டும். உள்ளே மெல்லிய, வெளியே தடித்த என்று இரண்டு சோடிக் கையுறை, இவை இறப்பர் விளையும் இந்த நாட்டிலேயே உற்பத்தியாகின்றன. கழுவக்கூடிய ஏப்ரனும் கம்பூட்ஸும். நீராவி விடாத தடித்த உடையைச் சிறு எண்ணிக்கையில் வைத்திருக்கலாம், அழுத்தத்தோடு நீர் பீச்சிக் கொட்டகை கழுவுபவருக்காக, அதுவும் அதிகாலையில், இருபது நிமிடத்துக்கு ஒருவர் மாறும் ஒழுங்கோடு. மிச்சப்படும் பணம் ஆண்டுக்கொருமுறை, ஒக்டோபருக்கு முன், ஒளிரும் களிம்பு பூசிக் கழற்றிப் பழகும் அரை நாள் பயிற்சிக்குப் போகட்டும். தகரக் கூரையின் கீழ் அடுக்கிய பெட்டிகளில் முகக்கவசப் பட்டியின் மீள்தன்மை போய்விடும் என்பதால், அந்தப் பயிற்சிக்கு எடுத்துப் பாவிக்க வேண்டியது பழைய இருப்பைத்தான்.